புழுங்கலரிசியும் மருத்துவ இதழும்



"ஆராய்ச்சியில் தெரிய வந்துள்ளது" என்று தொடங்கும் செய்திகளை நாம் அடிக்கடி கேட்கிறோம். இந்தக் காய் நல்லது, அந்த எண்ணெய் கெடுதல், இந்த மருந்து பலன் தரும் என்றெல்லாம் சொல்கிறார்கள். ஓர் ஆராய்ச்சியாளர் ஓர் அறையில் இருந்துகொண்டு கண்டறிந்த விஷயம் ஊருக்கும் உலகுக்கும் எப்படி வந்து சேர்கிறது? அது உண்மைதான் என்று யார் சொல்கிறார்கள்? இந்தக் கேள்விகளைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இதற்கு எங்கோ தொலைதூரத்துக் கதை ஒன்றைத் தேட வேண்டியதில்லை. நம் கோலாலம்பூரிலும் நெகிரி செம்பிலானிலும் நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த கதை ஒன்று இருக்கிறது. அதில் நம் தாத்தா பாட்டிமார் சோறாக்கிய புழுங்கலரிசிக்கும் ஒரு பங்கு உண்டு.

முதலில் ஆய்விதழ் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். பழைய காலத்தில் ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அதை மறைத்து வைப்பதே வழக்கம். கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிய நாட்டு வைத்தியர், மருந்தின் பக்குவத்தை மகனுக்கோ சீடனுக்கோ சொல்லுவார்; சொல்லாமலே கண்ணை மூடியவர்களும் உண்டு. அவரோடு அந்த மருந்தும் போயிற்று. ஐரோப்பாவிலும் இதே நிலைதான். தொலைநோக்கியில் சனிக் கிரகத்தைப் பார்த்த கலிலியோ, தான் கண்டதை 1610-ஆம் ஆண்டில் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, யாருக்கும் புரியாத ஒரு விடுகதையாகவே மற்றவர்களுக்கு அனுப்பினார். கண்டது தாம்தான் என்று பின்னால் காட்டிக்கொள்ள வேண்டும். அதுவரை வேறொருவர் அதைத் தெரிந்துகொள்ளவும் கூடாது. இதுதான் நோக்கம்.

1665-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் என்பவர் இதற்கு ஒரு வழி செய்தார். அவர் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்தின் செயலாளர். அறிஞர்கள் எழுதி அனுப்பும் கண்டுபிடிப்புகளைத் தேதியோடு அச்சிட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கும்படி ஓர் இதழைத் தொடங்கினார். கண்டவருக்கு 'இதை முதலில் சொன்னவர் இவர்' என்ற பெயர் கிடைத்தது. உலகத்துக்கு அந்த அறிவு கிடைத்தது. கொடுத்தவரும் பெற்றவரும் இருவரும் லாபமடைந்த ஏற்பாடு அது. அதே ஆண்டு ஜனவரியில் பாரிஸிலும் அறிஞர்களுக்கான இதழ் ஒன்று வெளிவரத் தொடங்கியிருந்தது. இவற்றின் வழியில் வந்தவையே இன்று உலகெங்கும் வெளிவரும் ஆய்விதழ்கள். மருத்துவத்துக்கு என்று 1823-இல் லண்டனில் தாமஸ் வாக்லி என்பவர் தொடங்கிய 'லான்செட்' என்ற வார இதழ் இன்றும் வெளிவருகிறது.

இனி நம் கதைக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவில் பலரைக் கொன்ற நோய்களில் ஒன்று பெரிபெரி. காலில் பலம் குறையும், மரத்துப் போகும். சிலருக்கு உடம்பு வீங்கும். முடிவில் இதயம் சோர்ந்து உயிர் போகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக இதற்குப் பலியானார்கள். சிறைச்சாலைகளிலும் மனநோயாளிகளின் மருத்துவமனையிலும் இது திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. காரணம் மட்டும் தெரியவில்லை. காய்ச்சலுக்கெல்லாம் கிருமிகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே இதற்கும் ஒரு கிருமி இருக்க வேண்டும் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் எண்ணினார்கள்.

கோலாலம்பூரில் 1900-ஆம் ஆண்டில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் ஹாமில்டன் ரைட். பெரிபெரி வாய்வழியாக உள்ளே போகும் ஒரு கிருமியால் வருவது என்று அவர் ஆராய்ந்து எழுதினார். கழகத்தின் வெளியீடாகவே அது அச்சில் வந்தது. அது தவறு என்று பின்னர் தெரிந்தது. இதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அச்சில் வந்துவிட்டது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஆனால் அச்சில் வந்ததால்தான் மற்றவர்கள் அதைப் படித்து, சோதித்து, தவறு என்று காட்டவும் முடிந்தது.

இதற்கிடையே கடலுக்கு அப்பால், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியா நகரில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் ஒரு புதுமையைக் கண்டார். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கோழிகளுக்குத் திடீரென்று கால் விளங்காமல் போயிற்று. சில மாதங்களில் அவை தாமாகவே தேறிவிட்டன. விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுவந்தார்கள். புதிதாக வந்த சமையல்காரர், "ராணுவத்துச் சோற்றை வெளிக் கோழிகளுக்குப் போட முடியாது" என்று மறுத்துவிட்டார். வெள்ளைச் சோறு நின்றது. கோழிகள் எழுந்து நடந்தன!

எய்க்மன் இதை 1890-இல் பத்தாவியாவில் வெளிவந்த மருத்துவ இதழில் எழுதினார். அந்த இதழ் டச்சு மொழியில் இருந்தது. டச்சு தெரியாத மருத்துவர்களிடம் அது போய்ச் சேர நாளாயிற்று. 1897-இல் அவர் ஜெர்மன் மொழி இதழ் ஒன்றில் எழுதிய பிறகே பலரும் அறிந்தனர். ஜாவாவிலிருந்த 101 சிறைச்சாலைகளிலும் அப்போது கணக்கெடுத்தார்கள். தீட்டிய வெள்ளையரிசி போட்ட 51 சிறைகளில் 36 சிறைகளில் பெரிபெரி இருந்தது. முழுதும் தீட்டாத அரிசி போட்ட 37 சிறைகளில் ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. மீதிச் சிறைகளில் இரண்டு அரிசியையும் கலந்து போட்டார்கள்.

ஆனால் ஏன் இப்படி என்பதற்கு எய்க்மன் சொன்ன விளக்கம் சரியல்ல. அரிசி மாவில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிடு அதற்கு மாற்று என்று அவர் நினைத்தார். அவருக்குப் பின் அங்கே ஆராய்ந்த கெரித் கிரைன்ஸ் 1901-இல், "நஞ்சு அல்ல, உடம்புக்கு வேண்டிய ஏதோ ஒரு பொருள் குறைகிறது" என்று எழுதினார். சரியான பாதை அதுதான். அதையும் டச்சு மொழியில்தான் எழுதினார்! எந்த மொழியில், எந்த இதழில் எழுதினோம் என்பதும் ஒரு கண்டுபிடிப்பின் தலையெழுத்தை மாற்றிவிடும் என்பதற்கு இது சாட்சி.

இப்போது நெகிரி செம்பிலானுக்கு வருவோம். அந்த மாநிலத்தின் அரசாங்க மருத்துவராக இருந்தவர் டாக்டர் பிராடன். அவர் ஒன்றை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார். ஒரே ஊரில், ஒரே வெயிலிலும் மழையிலும் மூன்று இனத்தவர் வாழ்கிறார்கள். சீனத் தொழிலாளர்களுக்குப் பெரிபெரி வருகிறது. கம்பத்து மலாய்க்காரர்களுக்கு அவ்வளவாக வருவதில்லை. தமிழர்களுக்கும் வருவதில்லை. கிருமிதான் காரணம் என்றால், அது ஆள் பார்த்தா பிடிக்கும்?

அவர் சோற்றுப் பானையைப் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது சியாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் வயலில் விளைந்த நெல்லை வீட்டிலேயே அவ்வப்போது குத்திச் சமைத்தார்கள். தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. பிராடன் இதையெல்லாம் தொகுத்து 1907-இல் ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். வெள்ளையரிசியில் பழமையால் உண்டாகும் நஞ்சுதான் காரணம் என்று அவரும் எண்ணினார். நஞ்சு என்றது பிழை; அரிசி என்றது சரி.

கோலாலம்பூரில் மாவட்ட மருத்துவராக இருந்த டாக்டர் வில்லியம் பிளெட்சருக்குப் பிராடன் சொன்னதில் நம்பிக்கை இல்லை. அது தவறு என்று காட்டவே ஒரு சோதனையைத் தொடங்கினார். 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்கேயுள்ள கட்டடத்துக்கும், இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்கேயுள்ள கட்டடத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். இரண்டும் ஒரே மாதிரியான கட்டடங்கள். சாப்பாடும் ஒன்றே; அரிசி மட்டும் வேறு. கிழக்கே சியாம் வெள்ளையரிசி, மேற்கே வங்காளத்துப் புழுங்கலரிசி.

ஏன் இப்படி எண்ணிப் பிரிக்க வேண்டும்? மருத்துவரே ஆள் பொறுக்கினால், தமக்கு வேண்டிய பக்கத்தில் பலசாலிகளைச் சேர்த்துவிட்டார் என்று பின்னால் யாரும் சொல்லலாம் அல்லவா? அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதே காரணம்.

ஓராண்டு கழிந்தது. வெள்ளையரிசி உண்ட 120 பேரில் நாலில் ஒருவருக்கும் அதிகமாகப் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அந்த இருவரும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். பெரிபெரியால் அந்தப் பக்கம் ஒருவரும் இறக்கவில்லை.

நேயர்களே, இந்த இடத்தில் பிளெட்சர் செய்ததைக் கவனியுங்கள். தாம் நினைத்ததற்கு நேர்மாறாக முடிவு வந்தது. அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. எழுதி லண்டனுக்கு அனுப்பினார். 1907-இல் 'லான்செட்' அதை வெளியிட்டது. எப்படிப் பிரித்தேன், என்ன கொடுத்தேன், எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று எல்லாவற்றையும் அதில் சொன்னார். காரணத்தைச் சொல்லும்போது மட்டும் அடக்கமாகச் சொன்னார். அரிசியில் நஞ்சு இருக்கலாம், அதில் சத்துக் குறைவாக இருக்கலாம், அல்லது அந்தக் குறைவால் உடம்பு கிருமிக்கு இடம் கொடுக்கலாம் என்று வழிகளை வரிசைப்படுத்தி, முடிவை மற்றவர்களுக்கு விட்டுவிட்டார்.

ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரையின் இலக்கணம் இதுதான். 'நான் சொல்கிறேன், நம்பு' என்பதல்ல அது. 'நான் இப்படிச் செய்தேன், இதைக் கண்டேன். நீயும் செய்து பார்' என்பது. கண்டதைத் தனியாகவும், அதைப் பற்றித் தாம் நினைப்பதைத் தனியாகவும் எழுத வேண்டும். நினைப்பு பிழையாகப் போனாலும், கண்டது நின்று பயன்படும். எய்க்மனும் பிராடனும் காரணத்தில் தவறினார்கள். ஆனாலும் அவர்கள் கண்டது வீண் போகவில்லை.

அடுத்து, 'செய்து பார்' என்ற அழைப்பை ஏற்றவர்கள் கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஹென்றி பிரேசரும் ஆம்புரோஸ் ஸ்டாண்டனும். மருத்துவமனைக் கட்டடத்தில் ஏதோ கிருமி இருந்திருக்கலாமே என்ற சந்தேகம் இன்னும் மிச்சமிருந்தது. ஆகவே அவர்கள் 1907-இல் நெகிரி செம்பிலானில் டுரியான் திப்புஸ் என்ற ஒதுக்குப்புறத்துக் காட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே சாலை போட வந்த 300 ஜாவாத் தொழிலாளர்களை 150 பேர் வீதம் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசி, மற்றொன்றுக்குப் புழுங்கலரிசி. சுமார் மூன்று மாதங்களில் வெள்ளையரிசிப் பிரிவில் பெரிபெரி தோன்றியது. உடனே அவர்களுக்கு அந்த அரிசியை நிறுத்தினார்கள்; நோயும் நின்றது. பிறகு அரிசியைப் பிரிவு மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் அரிசியைத் தொடர்ந்து பிரிவு மாறியது. இது 1909-இல் 'லான்செட்' இதழில் வந்தது.

அவர்கள் அத்தோடு விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் கோழிகளை வைத்துச் சோதித்தார்கள். புழுங்கலரிசியைச் சூடான சாராயத்தில் ஊறவைத்து அதிலுள்ள சத்தை இறக்கிவிட்டால், அதுவும் கோழிகளைக் காக்கவில்லை. தீட்டும்போது கழியும் தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் கோழிகள் நலமாக இருந்தன. ஆகவே வெள்ளையரிசியில் நஞ்சு ஏதும் இல்லை. ஆலையில் தீட்டும்போது ஏதோ ஒரு நல்ல பொருள் வெளியே போய்விடுகிறது என்பது தெளிவாயிற்று.

இதன் காரணம் இன்று நமக்குத் தெரியும். நெல்லின் தவிட்டிலும் முளையிலும் வைட்டமின் பி ஒன்று இருக்கிறது. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நெல்லை அவித்துக் காயவைத்த நம் முன்னோர், அரிசி உடையாமல் இருக்கும், நாள்பட இருக்கும் என்றுதான் அப்படிச் செய்தார்கள். அதற்குள் ஓர் உயிர்ச்சத்து இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பழக்கம் கடல் கடந்து வந்த நம்மவர்களை ஒரு கொடிய நோயிலிருந்து காத்தது. மலேரியாவிலிருந்து காக்கவில்லை; அது தோட்டந்தோட்டமாக எத்தனையோ குடும்பங்களை அழித்தது. பெரிபெரியிலிருந்து மட்டும் காத்தது.

அச்சிட்ட கட்டுரைகளால் என்ன பயன் வந்தது? 1910 மார்ச்சில் மணிலாவில் கீழை நாட்டு மருத்துவர்களின் மாநாடு கூடியது. தீட்டிய வெள்ளையரிசியைத் தொடர்ந்து உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்பு உண்டு என்று தீர்மானம் செய்தது. அதே ஆண்டில் பிலிப்பைன்ஸ் அரசாங்கம், தன் பொது நிறுவனங்களில் தீட்டிய அரிசியைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையிட்டது. 1912-இல் லண்டனில் இருந்த காசிமிர் பங்க் என்ற அறிஞர், இப்படிப்பட்ட சத்துகளுக்கு 'வைட்டமின்' என்ற பெயரை வைத்தார். 1926-இல் அந்தச் சத்தைப் பத்தாவியாவில் தவிட்டிலிருந்தே படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1929-இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. இங்கே ஏட்டில் எழுதியது பல நாட்டு உலைப்பானைக்கு உதவியது.

இதில் வருத்தப்பட வேண்டிய ஒன்றும் உண்டு. அந்த மனநோயாளிகள் தாங்களாக விரும்பிச் சோதனைக்கு வந்தவர்கள் அல்லர். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க முடியாது. அந்த 18 பேரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தாம். இன்று அப்படிச் செய்ய முடியாது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கான நெறிகளை உலக மருத்துவர் சங்கம் 1964-இல் ஹெல்சிங்கியில் வகுத்தது. அந்த நெறிகளை மீறிச் செய்த ஆராய்ச்சியை இதழ்கள் வெளியிடக் கூடாது என்று 1975-இல் அதில் சேர்த்தார்கள். வெளியிட மாட்டோம் என்று சொல்வதும் ஏழைத் தொழிலாளிக்கும் நோயாளிக்கும் ஒரு வேலிதான்.

இன்று ஒரு கட்டுரை வெளிவருவது எப்படி? ஆராய்ச்சியாளர் முதலில் கேள்வியைச் சொல்ல வேண்டும். பிறகு செய்முறை, அதன்பின் கண்ட முடிவு, கடைசியில் அதன் பொருள். இந்த ஒழுங்கில் எழுதி ஓர் இதழுக்கு அனுப்புவார். இதழாசிரியர் அதே துறையில் தேர்ந்த இரண்டு மூன்று பேரிடம் அதைக் கொடுப்பார். அவர்கள் குறைகளை எழுதுவார்கள். எண்ணிக்கை போதாது, இந்தச் சோதனையை மறுபடி செய்க, இந்த முடிவுக்கு ஆதாரம் இல்லை என்றெல்லாம் கேட்பார்கள். திருத்தி அனுப்ப வேண்டும். சில நேரம் திரும்பியே வந்துவிடும். இந்த ஏற்பாடு சில இடங்களில் முன்பே இருந்தாலும், எல்லா இதழ்களிலும் வழக்கமானது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். இதையும் தாண்டிப் பிழைகள் வருவதுண்டு. பிழை தெரிந்தால் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் உண்டு.

ஆகவே, பெற்றோர்களே, "ஆராய்ச்சியில் தெரிய வந்துள்ளது" என்று யாராவது ஒரு மருந்தையோ மாவையோ உங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விற்றால், நான்கு கேள்விகள் கேளுங்கள். யார் ஆராய்ந்தார்? எத்தனை பேரை வைத்து, யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்? எந்த இதழில் எழுதினார்? வேறு யாராவது செய்து பார்த்து அதே முடிவைக் கண்டார்களா? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளியில் அறிவியல் சோதனை செய்யும்போது, புத்தகத்தில் உள்ள விடை வரவில்லையே என்று எண்ணை மாற்றி எழுதாதீர்கள். வந்ததை வந்தபடி எழுதுங்கள். கோலாலம்பூரில் ஒரு மருத்துவர் தாம் எதிர்பாராத விடையை வந்தபடியே எழுதினார். அதனால் பல உயிர்கள் பிழைத்தன.